கலை விழாவில் வள்ளி

“ஏட்டி வள்ளி, கால அகட்டி வச்சு நிக்காத. முன்வரிசைல பிரின்ஸ்பால் இருக்காரு.”

சிவனாண்டி சொன்னதும் மேக்கப் அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வள்ளி சிரிக்கவில்லை. தலை நிறைய மல்லிகை, காதில் ஜிமிக்கி, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். தாவணியில் குத்திய ஊக்கை மட்டும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வள்ளியின் நிஜப் பெயர் காளிராஜ். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். ராஜபாளையத்தில் அந்தச் சின்னக் கல்லூரியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் பெண்கள் கிடையாது. மாசி மாதக் கலை விழா வந்தால் நாடகத்துக்காக எவனாவது ஒருத்தன் மீசையை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த வருஷம் எடுக்க வேண்டியவன் வைகுண்டராஜ். நேற்றுக் காலையில் அவனுக்கு அம்மைக்கட்டு வந்து இரண்டு கன்னமும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிற காளிராஜுக்குத்தான் வள்ளியின் வசனம் முழுக்க மனப்பாடம். நாடகத்தை எழுதிய சிவனாண்டி காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

காளிராஜ் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தான். அவன் அம்மாவுக்கு இது தெரியக் கூடாது.

அவன் அக்கா தங்கபாய் ஐப்பசியில் செத்துப்போனாள். மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவளைச் சைக்கிளில் கூட்டிவருவது அவன் வேலை. அன்றைக்கு அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கூட்டாளிகளோடு குளிக்கப் போய்விட்டான். காத்திருந்து பார்த்துவிட்டு அவள் தனியாக நடந்தாள். தென்காசி ரோட்டில் ஒரு லாரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா பரிபூரணம், சுவரில் இருந்த தங்கபாயின் போட்டோவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்றோடு மகனை ஏறிட்டுப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், சட்டை துவைத்து மடித்து வைப்பாள். பேசினால் அடுப்பைப் பார்த்துப் பேசுவாள், இல்லையென்றால் சுவரைப் பார்த்து. மகளைக் கொன்றவனை வேறு எப்படி நடத்துவாள் என்று காளிராஜ் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொள்வான்.

மேக்கப் போட ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஐயாதுரை வந்திருந்தார். மீசையை வழித்ததோடு தனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டதாகவும், இவனுக்கு அதிகம் பவுடரே செலவாகவில்லை என்றும் சொல்லிக்கொண்டே கண்ணுக்கு மை இழுத்தார்.

முதல் காட்சி முடிந்தது. அடுத்தது வள்ளி கல்யாணமாகிப் போகிற காட்சி. சிவனாண்டி ஒரு பேப்பர் பொட்டலத்தைப் பிரித்து அரக்கு நிறச் சேலை ஒன்றை நீட்டினான். காளிராஜ் அதை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தான். அது தங்கபாயின் சேலை.

“இத எங்கலே வாங்குன?”

“ஒங்க வீட்லதாம்ல. எவன் வீட்லயும் பட்டு தர மாட்டேன்னுட்டாங்க. ஒங்கம்மாட்ட போய்க் கேட்டேன். யாருல கட்டப் போறான்னு கேட்டாவ. பொய் சொல்ல வாய் வரல. பொறவு பெட்டியத் தொறந்து குடுத்துட்டாவ. இப்பதான் வந்து மூணாவது வரிசைல உக்காந்திருக்காவ.”

காளிராஜ் ஜன்னலைப் பார்த்தான். குதித்து ஓடிவிடலாம் போல இருந்தது. அதற்குள் மைக்கில் அடுத்த காட்சி என்று சொல்லிவிட்டார்கள். ஐயாதுரை அவசர அவசரமாகக் கொசுவம் வைத்துச் செருகி, அவனை மேடைக்குத் தள்ளினார்.

மேடையில் வந்து நின்றதுமே அம்மாவைப் பார்த்துவிட்டான். அவள் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாசத்தில் முதல் தடவையாகக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். தண்டிப்பதற்கென்றே சேலையைக் கொடுத்தனுப்பி, தண்டனையைப் பார்க்கவும் வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது.

கடைசி வசனம் வந்தது. வள்ளி வாசலில் நின்று தாயிடம் விடைபெற வேண்டும்.

“போய்ட்டு வாரேம்மா.”

தங்கபாய் தினமும் மில்லுக்குக் கிளம்பும்போது சொல்கிற வார்த்தை. வாயைவிட்டு வந்த பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. மூன்றாவது வரிசையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதும் பார்வையை மட்டும் திருப்பவில்லை.

கைத்தட்டல் ஓய்வதற்குள் காளிராஜ் மேக்கப் அறைக்கு ஓடினான். பூவைப் பிய்த்து எறிந்தான். தேங்காயெண்ணெயைக் கையில் கொட்டிக்கொண்டு, பழைய துணியால் கன்னத்தைத் தோல் உரிகிற மாதிரி தேய்த்தான். அம்மா கண்ணில் இந்தக் கோலம் இன்னொரு தடவை படக் கூடாது.

ஒரு கன்னம்தான் முடிந்திருக்கும். வாசலில் பரிபூரணம் நின்றாள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள்.

“இந்தா அழிச்சிருதேம்மா, ஒரு நிமிஷம். ஒன்னைய நோகடிக்கணும்னு போடல. நாந்தான் அவளக் கொன்னேன். கோவம் தீர மட்டும் அடிச்சிரு. என் மொகத்தப் பாக்காம மட்டும் இருக்காதம்மா.”

பரிபூரணம் பக்கத்தில் வந்தாள். துணியோடு மேலே போன அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். மோவாயைத் தொட்டு முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். சாயம் போன கன்னத்தைத்தான் வெகுநேரம் பார்த்தாள்.

“அழிச்சாலும் அவ மொகந்தாம்யா ஒனக்கு.”