படுத்துப் பார்த்த படகு

செருப்பைத் துறையிலேயே கழற்றி வைத்துவிட்டு, அந்த அம்மாள் படகுக்குள் இறங்கி நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார்.

"இப்ப ஓட்டுங்க தம்பி."

படகு விற்பவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பத்தொன்பது வருட வியாபாரத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. என்ஜினைத் தட்டிப் பார்ப்பார்கள், அடிப்பாகத்தைத் தடவிப் பார்ப்பார்கள், விலையைக் கேட்டதும் வந்த வழியே போவார்கள். படுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று எல்லோரிடமும் சொல்வார். இந்த அம்மாள் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார்.

வந்தவுடனே விவரம் சொல்லியிருந்தார். கணவருக்கு முதுகெலும்பில் புற்றுநோய். ஆஸ்பத்திரி இந்தக் கரையில், வீடு எதிர்த் தீவில். பயணிகள் படகில் உட்காரத்தான் இடம் உண்டு. அவரால் உட்கார முடியாது. லேசாக அதிர்ந்தாலே துடித்துப்போவார். சொந்தமாக ஒரு மோட்டார் படகு என்பது மனுஷனுக்கு இருபது வருட ஆசை. அது நிறைவேற இந்த நேரம்தானா வாய்க்க வேண்டும்!

முதலில் ஓட்டியது அடிப்பாகம் கூரான படகு. முழு வேகத்திலும் அலையைக் கிழித்துக்கொண்டு வழுக்கிப் போனது. விற்பவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

நிறுத்தியதும்தான் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. தரையும் ஒடுக்கம். ஸ்ட்ரெச்சரை வைத்துவிட்டால் பக்கத்தில் ஒருவர் உட்கார இடமிருக்காது.

இரண்டாவது படகுக்கு அடிப்பாகம் தட்டை. உள்ளே கூடத்தைப் போல அகலமான சமதரை. ஆனால் வேகம் எடுத்ததும் ஒவ்வொரு அலையும் அடியில் டமார் டமாரென்று அறைந்தது. அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

எழுந்து உட்கார்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அது அந்த அம்மாளின் சொந்த வலிக்காக இல்லை என்பது விற்பவருக்கே புரிந்தது.

முதல் படகுதான் சரி என்று விற்பவர் அடித்துச் சொன்னார். இருபதே நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். திடீரென்று மூச்சுத் திணறினாலும் பயமில்லை. உயிர் விஷயத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் இல்லையா? வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதர். முதல் படகுக்கு விலை கூடுதல்தான். ஆனால் இன்றைக்கு அதற்காகப் பேசவில்லை.

அந்த அம்மாள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தத் தட்டைப் படகை மெதுவா ஓட்டினா அதிருமா?"

"மெதுவா ஓட்டினா ஒண்ணும் தெரியாதும்மா. ஆனா ஒன்றரை மணி நேரம் ஆகுமே. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள..."



"ஆஸ்பத்திரிக்கு இல்ல தம்பி. அங்கேருந்து வீட்டுக்கு. கூட்டிட்டுப் போயிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரே ஒரு தடவைதான்."

விற்பவர் கயிற்றை மறுபடியும் அவிழ்த்தார். தட்டைப் படகை ஆள் நடக்கும் வேகத்தில் விட்டார்.

அந்த அம்மாள் மறுபடியும் படுத்தார். அடியில் தண்ணீர் சளசளக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து, தலை வைத்திருந்த முன்பக்கமாகக் காலை நீட்டி மாறிப் படுத்தார். கைப்பையை மடித்துத் தலைக்கு உயரமாக வைத்துக்கொண்டார்.

"இப்படிப் படுக்க வச்சா, வீடு வர்றது அவருக்குத் தெரியும் இல்லையா?"