எல்லாச் சந்தியும் ஒன்றுபோல்

கணிதத்தில் குலம் என்று சொல்லும் அமைப்புகளில் முடிவே இல்லாத ஒன்றின் வரைபடத்தைக் கணினி வரைந்துகொண்டே போகும். மெய்நிகர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அந்த வரைபடத்துக்குள் நடந்து பார்ப்பது அல்போன்சாவின் வேலை. உள்ளே சந்திக்குமேல் சந்தி, ஒவ்வொன்றிலும் நான்கு பாதைகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இம்மி வித்தியாசம் கிடையாது. போன திருப்பங்களை ஒன்றுவிடாமல் பின்னோக்கி நடந்தால்தான் புறப்பட்ட இடத்துக்கு வரலாம். அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் கவசத்தைக் கழற்ற வேண்டும் என்பது விதி. வெளியே உட்கார்ந்து அவற்றைப் பதிவுசெய்வது அவள் கணவன் தேவசகாயம்.

அன்று மதியம் பதிவு ஒரு கணம் நின்றுபோனது. நான்கு திருப்பங்கள் விடுபட்டுவிட்டன. அவன் பதறிப்போய்க் கூப்பிட்டான்.

"அல்போன்சா, நீ எந்தெந்தப் பக்கம் திரும்பினேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க, பதறாதீங்க" என்று அவள் குரல் மட்டும் வந்தது. ஒன்பது நிமிடம் கழித்து, "வந்துட்டேன், கழட்டுங்க" என்றாள்.

அது புறப்பட்ட சந்திதானா என்று கணினியைக் கேட்டான். தீர்மானிக்க வழியில்லை என்றது. அதற்குமேல் அவளை உள்ளே விட்டுவைக்க மனம் வராமல் கவசத்தைக் கழற்றினான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாயேன், நம்ம வீடுதானே?"

"நம்ம வீடு மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா? நான் உன் புருஷன்டி."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க" என்றாள் மெதுவாக. "மூணு தடவை கழட்டினீங்க. மூணு தடவையும் இதே வாசல்ல நின்னு கூப்பிட்டீங்க."

தேவசகாயம் கழற்றியது ஒரே ஒரு தடவைதான். அதை அவளிடம் எப்படி நிரூபிப்பது என்று தெரியாமல், அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.