தினம் ஒரு ஸ்பூன்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை இது. எங்க தெருப் பல் டாக்டர் காதில் விழுந்தால் எல்லாம் பாழ்.

"ஒண்ணாம் தேதியோட நின்னுக்கோ ஆயா."

டாக்டர் இதைச் சொன்னபோது கன்னம் வீங்கின நாங்கள் நாலு பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பால்கனி ஜன்னலை ஒட்டின நாற்காலி.

ஆயா கையில் காலி வாளி. பால்கனியில் ஒன்பது தொட்டி. ஒன்பதும் வழிந்து தண்ணீர் எங்கள் காலடி வரைக்கும் வந்துவிட்டது.

"நான் வர்றதுக்கு முன்னாடி தினமும் இதே கூத்துதானா? வாளி வாளியாக் கொட்டினா செடி என்னத்துக்கு ஆகும்? இலையெல்லாம் ஓரம் கருகிக் கிடக்கு பாரு. தொட்டியில என்ன, நாத்தா நடப் போறே?"

ஆயா பதினோரு வருஷமாக அந்த இடத்தைக் கூட்டித் துடைக்கிறவள்.

டாக்டரையும் குறை சொல்ல முடியாது. அந்தச் செம்பருத்தியும் ரோஜாவும் அவர் மனைவி வைத்தவை. அந்தம்மா போன வருஷம் தவறிப்போனார். அதிலிருந்து டாக்டருக்குக் காலையில் முதல் வேலை, டப்பாவைத் திறந்து தொட்டிக்கு ஒரு ஸ்பூன் உரம் போடுவது. உள்ளே ஒருத்தர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பார். இவர் பால்கனியில், "நீ சாப்பிட்டியா? நீ சாப்பிட்டியா?" என்று ஒவ்வொரு தொட்டியாக விசாரித்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்கும் ஒருத்தருக்கு ஈறில் ஊசி போட்டார். மரத்துப் போவதற்குள், தெருமுனை நர்சரிக்காரம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தண்ணி ஜாஸ்தியாகித்தான் சாகுதுன்னு இவகிட்ட நீங்களே சொல்லுங்கம்மா. நான் சொன்னா மரம் மாதிரி நிக்கிறா."

"பார்க்காமலே பல்லைப் பிடுங்குவீங்களா டாக்டர்? முதல்ல செடியைப் பார்த்துடறேன்."

மண்ணில் விரலை விட்டு முகர்ந்தார். ஒரு ரோஜாத் தொட்டியைச் சாய்த்து, மண்ணோடு செடியை மெல்ல உருவினார்.

"தண்ணி ஜாஸ்தின்னா வேர் கறுத்துக் கூழாயிருக்கும். நாறும். இது வெள்ளை வெளேர்னு இருக்கு."

"அப்புறம் இலை ஏன் கருகுது?"

அவர் தொட்டி விளிம்பை நகத்தால் சுரண்டினார். உப்புப் படிந்த மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. அடி இலைகளைப் பார்த்தார். நுனித் துளிரைப் பார்த்தார்.

"கருகினதெல்லாம் பழைய இலை. புது இலையில ஒரு பொட்டு கிடையாது. என்ன கெடுதலோ, அது நின்னு மூணு வாரமாச்சு. செடிக்கு என்ன போடுறீங்க?"

டாக்டர் பெருமையாக டப்பாவை நீட்டினார். நர்சரிக்காரம்மா ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார். ஆயாவைப் பார்த்தார். ஆயா தரையைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து "ஆ... ஆ..." என்று சத்தம்.

"மரத்துப் போச்சு போல. இதோ வந்துடறேன்." டாக்டர் ஓடினார்.

"அக்கா, இது டீத்தூள்."

"கழுவிக் காய வச்சதும்மா. பால், சர்க்கரை ஒண்ணும் இல்லை."

"இதுல இருந்த உரம்?"

"கட்டிப் பரண்மேல வச்சிருக்கேன். ஒரு குருணை குறைஞ்சிருக்காது."

"எதுக்கு இந்த வேலை?"

"அந்தம்மா மாசத்துக்கு ஒரு தடவைதான் உரம் போடுவாங்க. கூடவே நின்னு பார்த்திருக்கேன். இவர் பாசத்துல தினமும் போட்டார். சூடு தாங்காம கருக ஆரம்பிச்சது. தண்ணியை விட்டுக் கழுவிப் பார்த்தேன், போதலை. அப்புறம்தான் டப்பாவுல கை வச்சேன். மண்ணுல மிச்சம் இருக்கிற உப்பு போகட்டும்னுதான் இன்னமும் ஊத்துறேன்."

"இதை அவர்கிட்டச் சொல்லியிருந்தா வேலை போயிருக்காதே."

ஆயா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தம்மா வச்ச செடியை உங்க கையே கருக்குதுன்னு அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படிம்மா சொல்றது? கூட்டுறதுக்கு எனக்கு வேற வாசலா கிடைக்காது?"

நர்சரிக்காரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் எங்கேயோ பார்க்கிற மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் திரும்பி வந்தார். "என்னம்மா, தண்ணிதானே?"

"தண்ணியேதான். இவங்க அப்படி ஊத்தலைன்னா ஒன்பதும் எப்பவோ போயிருக்கும். இவங்களை அனுப்பிட்டு, செடி வேணும்னு என் கடைப்பக்கம் வந்துடாதீங்க. தரமாட்டேன்."

டாக்டர் குனிந்து ஒரு துளிரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவங்க முன்னாடிதான் திட்டினேன். இவங்க முன்னாடியே சொல்லிடறேன். நீ எங்கேயும் போக வேண்டாம் ஆயா. தப்பு என்னோடது."

டப்பாவை எடுத்து நர்சரிக்காரம்மாவிடம் காட்டினார்.

"அப்போ இந்த டப்பா?"

"அதுல இருக்கிறதால ஒரு கெடுதலும் வராது. தாராளமாப் போடுங்க."

டாக்டருக்கு முகமெல்லாம் பல். "அப்படின்னா நாளையிலேருந்து ரெண்டு ஸ்பூனாப் போடவா?"

நர்சரிக்காரம்மா வாயைத் திறப்பதற்குள் ஆயா முந்திக்கொண்டாள்.

"போடுங்க டாக்டர். தாங்கும்."

சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தாள். இருக்கிறதிலேயே பெரிய பையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, எதிர் டீக்கடைக்கு நடந்தாள்.