சபாரத்தினம் நீக்கிய மாவு

மானுட குலத்தின் காலை உணவு இன்றோடு புதுப்பிறவி எடுக்கிறது என்று ஆராய்ச்சி நிலையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. ஈஸ்டை ஆட்டிப்படைக்கும் கட்டுப்பாட்டு மரபணுவை இயக்குநர் சபாரத்தினம் கண்டுபிடித்துவிட்டாராம். உண்மையில் கண்டுபிடித்தவள் அவருக்குக் கீழே ஆராய்ச்சி செய்த அல்லி. அவளுடைய கட்டுரையில் அவள் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் அவர்.

"எல்லாத்தையும் அடக்கி ஆளுற மரபணு இல்லையா? அதுக்கும் என் பேரையே வெச்சிரும்மா."

"உங்களைவிட யாருக்கு சார் பொருந்தும்?" என்றாள் அல்லி.

ஈஸ்டைப் பொங்கவிடாமல் தடுப்பதுதான் அந்த மரபணுவின் ஒரே வேலை. கட்டுரையின் நாலாம் பக்கத்திலேயே அது இருந்தது. அவர் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை.

அதை நீக்கிய ஈஸ்ட் போட்டால் ஆப்ப மாவு அரைமணியில் பொங்கியது. எந்த மரபணுவை நீக்கினார்கள் என்று பாக்கெட்டில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது அந்நாளைய சட்டம்.

மறுவருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மளிகைக் கடையில் இயக்குநரின் மனைவி கேட்டாள்: "ஏம்ப்பா, சபாரத்தினம் இல்லாத மாவு இருக்கா? இருக்கிறதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் நடக்க மாட்டேங்குது."

பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற சபாரத்தினம் கூரையைப் பார்த்தார். பின்னால் வரிசையில் அல்லி நின்றாள். அவளுக்கு மாவு வேண்டாம்; இதைக் கேட்கத்தான் வாராவாரம் அந்தக் கடைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அன்று இயக்குநர் வீட்டில் ஆப்பம் நன்றாக வந்தது.