கடைசியாகத் திறந்தது

பதினோராவது முறையாக அந்த வரியை அழித்தான்.

நீக்குவதைப் பற்றி எழுதிய வரியை நீக்குவதில் மட்டும் அவனுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

திருமணத் தகவல் மையத்தில் புதிதாக ஓர் ஏஐ ஏஜென்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தது. விடுப்பு கேட்காது. டீ குடிக்காது. தன்னிடம் கொடுத்த கருவிகளுக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறதோ அதைப் படிக்கும். படித்தபடி செய்யும்.

விளக்கம் எழுதுவது அவன் வேலை.

கருவியின் பெயர்: வரன் நீக்கு.

முதலில் எழுதிய விளக்கம் மூன்றே சொல். ‘பயன்படாத வரன்களை நீக்கும்.’

எழுதிய திருப்தியில் ஒரு சமோசா வேறு சாப்பிட்டான்.

நேற்று காலை ஏஜென்ட் செய்தி அனுப்பியிருந்தது. ‘பயன்படாத 212 வரன்கள் நீக்கப்பட்டன. வேறு உதவி தேவையா?’

ஒரு வருடமாக வேறு வீட்டார் யாரும் திறந்து பார்க்காத பக்கமெல்லாம் பயன்படாத பக்கம். அதுவாகவே முடிவு செய்துகொண்டது. யாரையும் கேட்கவில்லை.

கேட்கச் சொல்லி அவனும் எழுதவில்லை.

அடுத்த பத்தாவது நிமிடம் கோவில்பட்டியிலிருந்து ஓர் அம்மாவின் போன்.

“சார், எம் பொண்ணைக் காணோம்.”

போலீசுக்குப் போங்கம்மா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“தெனம் காலைல காப்பியப் போட்டுட்டு அவ பக்கத்தைத் தொறந்து பாத்துருவேன் சார். இன்னிக்கு இல்ல. நாங்க எதும் தப்பு பண்ணிட்டமா?”

212 பேரையும் காப்பு நகலிலிருந்து மீட்டாயிற்று.

இன்று ஐந்து மணிக்கு மறுபடி நீக்கம். இந்த முறை நகலும் சேர்ந்து போகும்.

மணி நாலேகால்.

‘நீக்கினால் திரும்பப் பெற முடியாது. முதலில் பட்டியலைக் காட்டு. சம்மதம் கிடைத்த பிறகே நீக்கு. சந்தேகம் வந்தால் நீக்காதே, கேள்.’

இதெல்லாம் தடையில்லாமல் வந்தது. ‘பயன்படாத’ என்ற ஒரு சொல்தான் நகர மறுத்தது.

யாரும் திறக்காத என்று எழுதினான். யாரும் விருப்பம் தெரிவிக்காத என்று எழுதினான். யாரும் ஜாதகம் கேட்காத என்று எழுதினான்.

எப்படி எழுதினாலும் கோவில்பட்டி அம்மாவின் மகள் உள்ளே வந்து விழுந்தாள்.

மேலாளர் ஜெயக்கொடி எட்டிப் பார்த்தார்.

“ஒரு வரி எழுத ஒரு நாளா தம்பி? ஆளு வராத வீட்டைப் பூட்டுறதுக்கு இம்புட்டு யோசனையா?”

நாற்பத்துமூன்று வயதில் அவனைத் தம்பி என்று கூப்பிட இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருத்தி அக்கா.

போகட்டும் என்று ஏஜென்ட் நேற்று எடுத்துக்கொண்ட பொருளையே எழுதினான். ஓராண்டாக வேறு வீட்டார் யாரும் திறக்காத பக்கங்கள்.

ஏஜென்ட் பட்டியலைக் காட்டியது. அதே 212.

நூற்று முப்பத்தொன்பதாவது ஆளின் படத்திலிருந்த சட்டையை அவனுக்குத் தெரியும்.

ஆளைத்தான் சட்டென்று தெரியவில்லை. தலை நிறைய முடி.

அக்கா பதிவு செய்த தன் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி மூன்று வருடத்துக்கு முன்பே அவளிடம் சொன்னான். கத்தினான் என்பதே சரியான விளக்கம். “எடுத்துட்டேன்டா” என்றாள்.

எடுக்கவில்லை. உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டியிருந்தாள்.

வேறு வீட்டார் கடைசியாகத் திறந்தது: நான்கு ஆண்டுகளுக்கு முன்.

நல்லது. தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. இது ஏஜென்டுக்கு எதற்கு என்று அவன் ஒதுக்கிய கட்டம்.

பதிவு செய்தவர் கடைசியாகத் திறந்தது: இன்று, காலை 6.12.

ஏசி காற்றில் கண் கலங்குகிறது என்று சொல்லலாம். ஆனால் ஏசி ஓடி ஒரு மாதமாகிறது.

எழுதினான்.

‘பதிவு செய்தவர் திறந்து பார்த்தாலும் அது பயன்படும் பக்கமே. நீக்காதே.’

212 பேர் ஏழு பேர் ஆனார்கள்.

“ஏழுக்கா இத்தனை கூத்து?” என்றார் ஜெயக்கொடி. “சரி, அதையாவது தட்டிவிடுங்க.”

ஏழு பேரும் பெண்கள். வேறு யாரும் பார்க்காதவர்கள். பதிவு செய்தவர்களும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஒருத்தி ஆசிரியை. கிணற்று நீச்சல் பிடிக்கும் என்று போட்டிருந்தாள். இன்னொருத்தி பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘இனிமேல்தான்’ என்று எழுதியிருந்தாள்.

‘நீக்கலாமா?’ என்று ஏஜென்ட் கேட்டது. கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

மணி 4.54.

தன் பக்கத்தின் வழியாக உள்ளே போனான். அக்கா வைத்த கடவுச்சொல் முதல் முயற்சியிலேயே திறந்தது. அவன் பிறந்த தேதி.

அங்கிருந்து ஏழு பேர் பக்கத்தையும் திறந்தான். ஒவ்வொன்றாக. அவசரப்படாமல், முழுதாகப் படித்தான்.

வேறு வீட்டார் கடைசியாகத் திறந்தது: இன்று. இன்று. இன்று.

ஐந்து மணி.

‘நீக்க எதுவும் இல்லை. வேறு உதவி தேவையா?’

அப்போதுதான் இன்னொரு கருவி நினைவுக்கு வந்தது. வரன் யார் பக்கத்தையாவது திறந்து பார்த்தால், அந்த வரனைப் பதிவு செய்தவருக்கு உடனே செய்தி அனுப்பும் கருவி. அதன் விளக்கத்தையும் அவன்தான் எழுதியிருந்தான்.

அது மட்டும் மிகத் தெளிவாக இருந்தது.

கைப்பேசி அதிர்ந்தது.

எடுத்தான்.

“தம்பி,” என்றாள் அக்கா. “ஏழு பேராடா?”