பட்டிக்கு அடியில்

காற்றோடு சோடாத்தூளைப் பீய்ச்சும் நாசிலைத் துப்பாக்கிபோல இரு கைகளாலும் பிடித்து, வேனின் முன்சக்கரத்துக்குப் பின்னால் குறிவைத்தாள்.

“சமையல் சோடாவா? வண்டி உப்பிடாதாம்மா?” என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார் வேன்காரர்.

“மணல் அடிச்சா இரும்பையும் சேர்த்துத் தின்னும் சார். சோடா மேல இருக்கறதை மட்டும்தான் தின்னும். கண்ணாடியில பட்டாக்கூட கீறல் விழாது. தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றார். பெயிண்ட் கொப்பளித்துவிட்டது, உரித்துப் புதுசாக அடிக்க வேண்டும். அவருக்கு அவ்வளவுதான் கவலை.

காலையில் வேன் பட்டறைக்குள் நுழைந்தபோதே அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. நிறம் வேறு. நம்பர் பிளேட் வேறு. ஆனால் பக்கக் கதவைத் திறக்க வேன்காரர் முழங்காலால் ஒரு முட்டு கொடுத்தாரே, அந்த முட்டு கொடுக்காமல் திறக்காத கதவு உலகத்தில் ஒன்றுதான். அவள் அண்ணன் ஓட்டிய வேன்.

நிறுத்திய இடத்தில் வேனைக் காணவில்லை என்று அண்ணன் வந்து நின்றான். “வித்துத் தின்னுட்டு கதை விடுறான்” என்றார் முதலாளி. வேலை போயிற்று. அண்ணனும் அவளும் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார்கள். இந்த வாரம் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பேச்சு. அண்ணி வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டாள்.

ஊரே சந்தேகப்பட்டது. அவள் படவில்லை. சீட்டாட்டத்தில் கையில் இருப்பதையே முகத்தில் காட்டிவிடுகிறவன் அண்ணன். அவனாவது, திருடுவதாவது.

வேனின் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் சேஸிஸ் நம்பர் ஒன்று போதும். இன்றோடு எல்லார் வாயும் அடைபடும்.

விசையை அழுத்தினாள்.

வெள்ளை உரிந்தது. அடியில் நீலம், அவள் எதிர்பார்த்த அதே நீலம். நடுவில் ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பட்டி, பள்ளம் நிரப்பப் பூசுகிற பசை, இறுகிக் கிடந்தது.

நம்பரை ராவி அழிக்கக்கூட இல்லை. பட்டி பூசி மூடி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறான். திருட்டுக்கும் ஒரு தொழில் சுத்தம் வேண்டாமா என்று மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டாள்.

நாசிலைச் சாய்த்து, ஓரிடத்தில் நிற்காமல் ஓட்டினாள். பட்டி மாவாக உதிர்ந்தது. இரும்பில் வெட்டிய எண்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன.

ஏழு. நாலு. மறுபடி நாலு. ஒன்று.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே மனப்பாடமான நம்பர்.

விசையை விட்டு, மாஸ்க்கைக் கழற்றினாள். செல்போனில் படம் பிடித்து முதலாளிக்குத் தட்டிவிட்டாள். ‘உங்க வேன் என் பட்டறையில நிக்குது. போலீஸோட வாங்க. அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேக்கவும் தயாரா வாங்க.’

பதில் உடனே வந்தது. ‘அடுத்த தெருவுல ஸ்டேஷன்லதான் இருக்கேன். வர்றோம்.’

இனித் தெரிய வேண்டியது ஓர் ஆள் மட்டும்தான்.

“யார்கிட்ட சார் வாங்கினீங்க இதை?” இன்னும் உறுமிக்கொண்டிருந்த கம்ப்ரெசருக்கு மேலாகக் குரலை உயர்த்தினாள்.

“பேரு வாயில வரமாட்டேங்குது. நல்ல மனுஷன்ம்மா. சாவி கொடுக்கும்போது அழுதுட்டாரு. தங்கச்சி கையில தொழில் இருக்கு, மெஷின்தான் இல்ல, எத்தனை நாளைக்கு அடுத்தவன் பட்டறையில கூலிக்குச் சோடா அடிக்கும்னாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பேரம்கூடப் பேசலை.”

அவள் செல்போனைப் பார்த்தாள். அனுப்பியதை அழிக்க விரல் போனது. படித்துவிட்டதற்கான நீலக் குறி.

லோன் போட்டதாகச் சொல்லி அண்ணன் இறக்கிவைத்த கம்ப்ரெசர், காற்றுத் தொட்டி நிறைந்ததும் தானாக நின்றது.

அந்த அமைதியில், வாசலில் ஜீப்பின் கதவு சாத்தும் சத்தம் தெளிவாகக் கேட்டது.