கெர்பெரோஸின் வலது தலை

“நான் உள்ளே போகலாமா ஐயா?”

செத்துப்போனவனாக நடித்தவர் இரண்டாவது முறையாகக் கேட்டார். பாதாள உலகின் வாசலைக் காக்கும் நாய் பதில் சொல்லவில்லை.

கிரேக்க நாட்டின் வோலோஸ் துறைமுகத்துத் திறந்தவெளி அரங்கில் அன்று முதல் காட்சி. சற்றுமுன்வரை சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கெர்பெரோஸ் என்ற அந்த மூன்று தலை நாய், முத்திரை குத்திய நகல் எங்கே என்று கேட்டு, செத்தவனை இடது தலைக்கும் வலது தலைக்குமாக அலையவிட்டுக்கொண்டிருந்தது.

இப்போது யாரோ இருமுவது மட்டும் கேட்டது.

அந்த ஒற்றை நாய்த்தோலுக்குள் மூன்று பேர். இடது தலை லூகாஸ். வலது தலை அனெஸ்திஸ். நடுவில் மிர்சினி. அவளுக்குக் குரைப்பது மட்டும்தான் வேலை.

ஆண்கள் இருவரும் ஒரு காலத்தில் ஊரே கொண்டாடிய நகைச்சுவை ஜோடி. அனெஸ்திஸ் சொல்லாமல் கொள்ளாமல் ஏதென்ஸுக்கு, தொலைக்காட்சிக்குப் போன நாளோடு பேச்சு நின்றது. ஒத்திகையில்கூட வசனம் தவிர மற்றதெல்லாம் மிர்சினி வழியாகத்தான்.

“மறந்துட்டான் பாரு,” தோலுக்குள் லூகாஸ் பல்லைக் கடித்தார். “பெரிய டிவி நடிகன்!”

மிர்சினிக்கு வியர்த்தது. குரைத்துவிடலாமா?

அவள் முதுகைத் தாண்டி ஒரு கிசுகிசுப்பு போனது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, நேராக லூகாஸுக்கு.

“ஆமாடா. சுத்தமா மறந்துட்டேன். காப்பாத்து.”

லூகாஸ் மூச்சை இழுத்தார்.

“வலது தலை சாப்பிடப் போயிருக்காரு! நாளைக்கு வாங்க!”

அரங்கு வெடித்தது. வலது தலை தொங்கி, குறட்டை விட்டது.

“பாத்தீங்களா? இவன்கூட ஒரே கழுத்துல எப்படிய்யா குடித்தனம் பண்றது?”

“நீ பேசினா எவனுக்குத்தான் தூக்கம் வராது?”

எவரும் எழுதித் தராத பேச்சு. ஒருவர் போட, மற்றவர் திருப்பிப் போட, செத்தவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மிர்சினி கண்ட இடத்திலெல்லாம் குரைத்தாள். கடைசி வரிசைவரை எழுந்து நின்று கைதட்டினார்கள்.

திரைக்குப் பின்னால் தலைகளைக் கழற்றியபோது லூகாஸுக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

“நான் இல்லேன்னா இன்னிக்கு உன் மானம் கப்பலேறியிருக்கும்டா!”

“ஏறியிருக்கும்,” என்றார் அனெஸ்திஸ்.

மிர்சினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இன்னும் கழற்றாத நாய்த்தோலின் வயிற்றுக்குள் அனெஸ்திஸின் கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

லூகாஸ் பெருந்தன்மையாகப் பழைய கூட்டாளியின் தோளில் கைபோட்டார்.

“நாளையிலேருந்து அந்த வசனத்த நானே சொல்லிடறேன். உனக்கு எதுக்குச் சிரமம்?”

“சரிடா. நீயே சொல்லு.”

முதல் ஒத்திகையிலிருந்தே அது லூகாஸின் வசனம்தான்.